ரோம்: உடைந்த கல்லைப் பார்க்க அரை நாள் தேவையா?

கேள்வி, 11 பிப்ரவரி 2024

மே மாதம் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறோம். ரோமுக்கு ஒன்றரை நாள்தான். கொலோசியம் வாசலில் ஒரு படம், வாட்டிகன், ட்ரெவி நீரூற்று, அவ்வளவுதான் திட்டம். பக்கத்திலேயே ஃபோரம் என்று, பழைய ரோமின் நடுச் சதுக்கம் ஒன்று இருக்கிறதாம். போய்வந்த நண்பர், "பகைவர்கள் இடித்துப் போட்ட கல்லுக் குவியல், வீணாக வெயிலில் காயாதே" என்கிறார். விட்டுவிடலாம்தானே?

11 பிப்ரவரி, இரவு

விடாதீர்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2016இல் நீங்கள் சொல்லும் அதே வரிசையில் ஓடினேன். ஊர் திரும்பியபோது கையில் நிறையப் படம் இருந்தது, மனதில் ஒன்றும் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அவருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடக்க முடியும். அந்த நடையில்தான் ரோம் எனக்குப் பிடிபட்டது.

நண்பர் சொன்ன பகைவர் கதை சரிதான். 410இல் விசிகோத்துகள், 455இல் வாண்டல்கள் என்று இரண்டு ஜெர்மானியக் கூட்டத்தார் அடுத்தடுத்துச் சூறையாடினார்கள். மிஞ்சியதைத்தான் இன்று பார்க்கிறோம். அதற்காகப் பார்க்காமல் வரலாமா?

12 பிப்ரவரி, காலை

நேற்று இரவு எழுதியதில் ஒரு பெரிய தவறு. திருத்திவிடுகிறேன்.

பகைவர்கள் வந்தது உண்மை, கொள்ளையடித்ததும் உண்மை. ஃபோரத்தில் பசிலிக்கா எமிலியா என்ற மண்டபத்தின் பளிங்குத் தரையில் பச்சைப் புள்ளிகள் இருக்கின்றன. 410 தீயில் உருகி ஒட்டிய செப்புக் காசுகள் என்கிறார்கள். ஆனால் அவர்கள் தங்கம், வெள்ளி, அடிமைகள் என்று தூக்கிச் செல்லக்கூடியதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். சில நாட்களில் கொலோசியத்தை யாராலும் இடிக்க முடியாது. அதை இடித்தது ரோம்காரர்களேதான், பல நூறு வருடங்களாக, கொஞ்சம் கொஞ்சமாக.

கொலோசியம் சுவரில் அம்மை வடு போலக் குழி குழியாக இருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். குண்டு துளைத்த ஓட்டை என்றுதான் முதல் முறை நினைத்தேன். கல்லோடு கல்லைப் பிணைக்க உள்ளே இரும்புக் கொக்கி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பிற்காலத்தில் அந்த இரும்புக்காகத் தோண்டி எடுத்த குழிகள் அவை. 1349 நிலநடுக்கத்தில் தெற்குப் பக்கம் சரிந்தது. அதற்குப் பிறகு அது அந்த ஊருக்குக் கல்குவாரி ஆகிவிட்டது. 1452இல் ஒரே ஒப்பந்தக்காரர் ஒன்பது மாதத்தில் 2,522 வண்டிக் கல் ஏற்றிக்கொண்டு போனதாகக் கணக்கு இருக்கிறது. வண்டிக் கணக்கை உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே அது கொள்ளை இல்லை, வியாபாரம் என்று காட்டுகிறது.

12 பிப்ரவரி, மதியம்

மேலே எழுதியதற்குத் தொடர்ச்சி. இது எனக்குச் சொந்த விஷயம், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் தாத்தா விருதுநகர் பக்கம் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். கல்லும் கரியும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுடுவார்கள். சுட்டு எடுத்த கல் பார்க்கக் கல் மாதிரியே இருக்கும், கையில் எடுத்தால் எடை இராது. தண்ணீர் தெளித்தால் சீறும், ஆவி பறக்கும், வெடித்து மாவாக உதிரும். நீற்றும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டார்கள். கண்ணில் பட்டால் அவ்வளவுதான்.

பளிங்கும் ஒரு சுண்ணாம்புக்கல்தான். அதைச் சுட்டால் நல்ல வெள்ளைச் சுண்ணாம்பு கிடைக்கும். ரோமில் நடுக்காலத்தில் அதுதான் நடந்தது. பழைய கட்டடங்களுக்கு நடுவிலேயே காளவாய் போட்டு, தூண், சிலை, கல்வெட்டு எல்லாவற்றையும் உடைத்து உள்ளே தள்ளினார்கள். சீசர் கொல்லப்பட்ட இடத்தைச் சுற்றியிருந்த பகுதிக்கே காளவாய்களை வைத்துத்தான் அப்போது பெயர் வழங்கியது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சிலையின் ஒரு கை காளவாய்க்குள் கரியோடு கிடப்பதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. காளவாய் எப்படி இருக்கும், எப்படி மணக்கும் என்று தெரிந்தவனுக்கு அது வெறும் தகவல் இல்லை.

13 பிப்ரவரி

டிக்கெட் பற்றிக் கேட்டீர்கள். கொலோசியம், ஃபோரம், பாலட்டைன் குன்று மூன்றுக்கும் ஒரே டிக்கெட். நான் போனபோது 18 யூரோ, 24 மணி நேரம் செல்லும். கொலோசியத்துக்கு மட்டும் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். வாசலில் "வரிசை இல்லாமல் உள்ளே" என்று கூப்பிடுபவர்களிடம் வாங்காதீர்கள். 2016இல் ஒருவரிடம் இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினேன். அப்புறம் எல்லாரோடும் சேர்ந்து அதே வரிசையில்தான் நின்றேன்.

ஆக, நீங்கள் விட நினைக்கும் ஃபோரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கட்டப்போகிறீர்கள்.

13 பிப்ரவரி, இரவு

ஃபோரத்தில் ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருந்தால் எது என்று கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒரு கதவைப் பாருங்கள்.

அன்டோனினஸ், ஃபாஸ்டினா கோயில். மன்னர் அன்டோனினஸ் பயஸ் இறந்துபோன தன் மனைவிக்காக 141இல் எழுப்பியது. முன்னால் பச்சை வரியோடிய கல்லில் 17 மீட்டர்த் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரே கல். பின்னாளில் கோயிலுக்குள்ளேயே தேவாலயம் கட்டிவிட்டார்கள். தூண்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் தேவாலயத்தின் பச்சைக் கதவு தெரியும். அது தரையில் இல்லை. நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில், படியும் இல்லாமல், சுவரில் தொங்குகிறது.

அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "ஏன்டா, அந்தக் கதவுக்கு எப்படி ஏறிப் போவாங்க?" என்று கேட்டார்.

ஏறிப் போகவில்லை, நேராக நடந்து போனார்கள். அந்தக் கதவு வைத்த காலத்தில் தரையே அந்த உயரத்தில் இருந்தது. நாங்கள் நின்ற இடம் மண்ணுக்குள் கிடந்தது. டைபர் ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டல், எரிந்த வீட்டின் சாம்பல், இடிந்த சுவரின் கட்டி, ஆயிரம் வருடத்துக் குப்பை எல்லாம் சேர்ந்து ஊரே மேலே ஏறிவிட்டது. பத்து லட்சம் பேர் இருந்த நகரம் சில பத்தாயிரத்துக்குச் சுருங்கியபோது அள்ளிப்போட ஆள் ஏது? ஃபோரத்துக்கு மாட்டு மைதானம் என்று பெயரே விழுந்துவிட்டது. சீசர் நடந்த தெருவுக்கு மேலே மாடு மேய்ந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில்தான் ஒழுங்காகத் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டியதில் கதவுக்குக் கீழே இருந்த தரை போய்விட்டது.

அந்தத் தூண்களின் மேல்பக்கம் சாய்வாகக் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும். கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கப் பார்த்த தடம் என்கிறார்கள். தூண் அசையவில்லை.

அந்தக் கதவைப் பார்த்த பிறகுதான் எனக்கு ரோமைப் பார்க்கும் முறையே மாறியது. எங்கே போனாலும் முதலில் தரை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். படி கீழே இறங்கினால் நானும் இறங்கிவிடுவேன்.

15 பிப்ரவரி

பான்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்குள் போவது இலவசம் என்று ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். அது 2016 நினைவு. 2023 ஜூலையில் சுற்றுலாப் பயணிகளுக்கு 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். நானே கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன், மன்னிக்கவும்.

5 யூரோ மிகக் குறைவு என்பேன். நாங்கள் போன அன்று மழை. கூரை நடுவில் வட்டமாக ஒரு திறப்பு, கண்ணாடி எதுவும் கிடையாது. மழை நேராக உள்ளே இறங்கியது. கீழே பளிங்குத் தரை லேசாக வளைந்திருக்கிறது, சின்னச் சின்னத் துளைகள் வழியாகத் தண்ணீர் வடிந்துபோகிறது. ஹாட்ரியன் மன்னர் காலத்து ஏற்பாடு, இன்றும் வேலை செய்கிறது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. உள்ளே கம்பி கிடையாது, வெறும் சுண்ணாம்புக் கலவை. மேலே போகப் போக எடை குறைந்த கல்லைப் போட்டிருக்கிறார்கள், உச்சியில் நுரைக்கல்.

முகப்பில் அக்ரிப்பா கட்டியது என்று பெரிய எழுத்தில் இருக்கும். வழிகாட்டிகள் சிலர் அதையே சொல்லிவிடுவார்கள். அக்ரிப்பா, அகஸ்டஸ் மன்னரின் தளபதி. அவர் கட்டியது எரிந்துபோனது. இப்போது நிற்பது சுமார் 126இல் ஹாட்ரியன் முடித்தது. பழைய பெயரையே வைத்துவிட்டார்.

16 பிப்ரவரி

சுண்ணாம்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பாலட்டைன் குன்றில் செங்கல் முகம் உதிர்ந்த சுவர்கள் நிறைய. உள்ளே இருக்கும் கலவை வெளியே தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால், சாம்பல் நிறத்துக்கு நடுவே பட்டாணி அளவில் வெள்ளைக் கட்டிகள். தாத்தா பார்த்திருந்தால் கொத்தனாரைத் திட்டியிருப்பார். "சரியா நீறலை, சரியா குழைக்கலை" என்பார்.

வெகுகாலம் ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 2023 தொடக்கத்தில் வந்த ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. நீற்றாத சுண்ணாம்பை அப்படியே கலவையில் போட்டுச் சூட்டோடு குழைத்திருக்கிறார்கள், கட்டிகள் அதனால் தங்கியவை. சுவரில் விரிசல் விட்டு மழைத் தண்ணீர் இறங்கினால் கட்டி கரைந்து விரிசலில் போய் இறுகி அடைத்துவிடும். இதோடு எரிமலைச் சாம்பல் மண் வேறு. நம் ஊரில் செங்கல் தூள் சேர்ப்பது போல.

தாத்தாவிடம் இதைச் சொல்லக் கொடுத்து வைக்கவில்லை.

17 பிப்ரவரி

தண்ணீர்: காசு கொடுத்து வாங்காதீர்கள். தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்த் தூண் இருக்கும், மூக்கு மாதிரி வளைந்த குழாய், எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். 1870களிலிருந்து இருப்பவை, சுமார் 2,500 உண்டு. குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு எழும், குனியாமலே குடிக்கலாம். அங்குள்ள ஒரு பாட்டி அம்மாவுக்குச் செய்து காட்டினார். மொழி தேவைப்படவில்லை.

ட்ரெவிக்கு வருகிற தண்ணீர் கி.மு. 19இல் அக்ரிப்பா வெட்டிய கால்வாயின் வழியில் வருவது. கூட்டத்தில் காசு எறிந்துவிட்டு ஓடும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

18 பிப்ரவரி, இரவு

இறங்குவது என்றேனே, எங்கே இறங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சான் க்ளெமென்டே. கொலோசியத்திலிருந்து சில நிமிட நடை. கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் திரும்பாது.

தெருவிலிருந்து நுழைந்தால் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். மேலே தங்க நிறத்தில் பதிகல் ஓவியம், அழகு. அதுதான் 4ஆம் நூற்றாண்டு ஆலயம் என்று பல நூற்றாண்டு நம்பியிருந்தார்கள். 1857இல் அங்கிருந்த அயர்லாந்துத் துறவி ஒருவர் தரையைத் தோண்டினார். பழைய ஆலயம் கீழே முழுசாகக் கிடந்தது. அதன் மேல்பகுதியை இடித்து, உள்ளே மண் நிரப்பி, அதையே அடித்தளமாக்கி மேலே புதிதைக் கட்டியிருக்கிறார்கள்.

டிக்கெட் வாங்கிப் படி இறங்க வேண்டும். முதல் தளத்தில் சுவரோவியங்கள். அம்மா இங்கேயே உட்கார்ந்துகொள்வார் என்று நினைத்தேன். "வந்தது வந்தாச்சு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது படிக்கட்டையும் இறங்கினார்.

அடித்தளத்தில் குளிர்ச்சி, ஈர மண் வாசனை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு குறுகிய சந்து. ஒரு காலத்தில் தலைக்கு மேலே வானம் தெரிந்திருக்கும், இப்போது கூரை. ஒரு பக்கம் மித்ரா என்ற தெய்வத்தின் குகைக் கோயில், இரண்டு ஓரமும் சாய்ந்து உட்காரத் திண்ணை, நடுவில் பலிபீடம், அதில் காளையைக் கொல்லும் மித்ரா. மறு பக்கம் வரிசையாக அறைகள். செங்கல் அடுக்கு அவ்வளவு நேர்த்தி, சாந்து நகம் அளவுகூட இல்லை.

அங்கேதான் அம்மா நின்றார். "வாய்க்கால் ஓடுது" என்றார். எனக்கு முதலில் கேட்கவில்லை. மூச்சை அடக்கி நின்றேன். கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வேகமாக ஓடும் சத்தம். நிலத்தடி ஊற்று அது. தோண்டிய பிறகு அடித்தளம் முழுக்க வெள்ளம் நிறைந்து வெகுகாலம் யாரும் இறங்க முடியாமல் கிடந்திருக்கிறது. 1912இல் தொடங்கி இரண்டு வருடம் சுரங்கம் வெட்டி, கொலோசியம் பக்கம் போகும் பழைய ரோமானியச் சாக்கடையோடு சேர்த்து வடித்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடச் சாக்கடை இன்றும் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகிறது.

மதியம் அடைத்துவிடுவார்கள், நேரம் பார்த்துப் போங்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அதுவும் நல்லதுதான்.

20 பிப்ரவரி

சாப்பாடு பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. சைவக்காரர்கள் கவனிக்க: காச்சோ எ பெப்பே என்பது ரோமின் பேர்பெற்ற பாஸ்தா, சீஸும் மிளகும் மட்டும். பார்க்கச் சைவம். ஆனால் அதில் போடும் பெக்கொரினோ ரொமானோ சீஸை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பார்கள். அம்மா அதைக் கேட்டதும் தட்டை நகர்த்திவிட்டார். மரினாரா பீட்ஸா கேளுங்கள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும். சீஸே கிடையாது. நான்கு நாளும் அம்மா அதில்தான் ஓட்டினார்.

மிளகு என்றதும் ஃபோரத்துக்கே திரும்பிவிடலாம். மூன்று பெரிய வளைவுகளோடு ஒரு மண்டபம் பாதி நிற்கும், மாக்செண்டியஸ் பசிலிக்கா. அதற்கு முன் அந்த இடத்தில் டொமிஷியன் மன்னர் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. அங்கே குவிந்த மிளகு நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து போனது. யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு திரும்பினர் என்கிறது அகநானூறு. கறி என்றால் மிளகு. மறு முனையில் ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்குப் போட்டு வருந்துகிறார், வருடம் 5 கோடி செஸ்டெர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று. 408இல் விசிகோத்துகளின் தலைவர் அலாரிக் ரோமை முற்றுகையிட்டு, விலகிப்போகக் கேட்ட பட்டியலில் பொன், வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

வளைவின் நிழலில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம மிளகா?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

23 பிப்ரவரி

காளவாய் பற்றி 12ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கோபம் கொஞ்சம் கூடிவிட்டது. ஒரு நண்பர் தனியாக எழுதிக் கேட்டார்: "உங்கள் தாத்தா அந்த ஊரில் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பார்?"

சுட்டிருப்பார். சந்தேகமே இல்லை. வீடு கட்ட ஒருவர் சுண்ணாம்பு கேட்டு நிற்கிறார், மலையில் வெட்டி இழுத்துவர ஆளும் மாடும் இல்லை, கண்ணெதிரே நல்ல கல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அவர் என்ன செய்வார்? அந்தச் சுண்ணாம்பில் கட்டிய வீட்டில் யாரோ மழையில் நனையாமல் இருந்திருப்பார்கள்.

தப்பிய கட்டடங்களைப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. பான்தியன் 609இல் தேவாலயமானது. ஃபாஸ்டினா கோயிலும் அப்படியே. மார்சிலஸ் அரங்கத்தின் மேல்தளத்தில் இன்றும் வீடுகள் இருக்கின்றன. குதிரைமேல் இருக்கும் மன்னர் மார்க்கஸ் ஆரேலியஸின் வெண்கலச் சிலை உருகாமல் தப்பியது, அவரைக் கிறித்தவ மன்னர் கான்ஸ்டன்டைன் என்று தவறாக நினைத்ததால்.

சிலையின் கையை நினைத்தால் இன்னமும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் சுட்டவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

26 பிப்ரவரி

ஒன்றரை நாளை இரண்டரை ஆக்கிவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி.

அப்படியானால்: முதல் நாள் காலை முதல் வேளைக்கே கொலோசியம், வெயில் ஏறுமுன் ஃபோரம், மாலை சான் க்ளெமென்டே. இரண்டாம் நாள் வாட்டிகன், அப்புறம் பான்தியன், ட்ரெவி. சீசர் கொல்லப்பட்ட டோர்ரே அர்ஜென்டினாவில் 2023 ஜூனிலிருந்து நடைபாதை போட்டுக் கீழே இறங்க விடுகிறார்கள், பான்தியன் போகும் வழிதான். பூனைகள் நிறைய இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மீதி அரை நாளில் ரயிலேறி ஓஸ்டியா ஆன்டிகா போங்கள், ரோமின் பழைய துறைமுக ஊர், அரை மணிப் பயணம். அங்கே கல்மேடை போட்ட சாப்பாட்டுக் கடையும், வரிசையாக உட்காரும் பொதுக் கழிப்பறையும் அப்படியே இருக்கின்றன. வணிகர் சதுக்கத்தின் தரையில் யானை, கப்பல், கலங்கரை விளக்கம் எல்லாம் கறுப்பு வெள்ளைக் கல்லில் பதித்திருக்கிறார்கள்.

தெருவெல்லாம் மேடு பள்ளமாகக் கருங்கல் பதித்தது. தடித்த அடியுள்ள செருப்பு போடுங்கள். பெரியவர்கள் வந்தால் கைத்தடி அவசியம்.

அப்புறம் அந்தக் கதவு. ஃபோரத்துக்குள் கொலோசியம் பக்கம் முகம் வைத்து நடந்தால் இடது கைப் பக்கம் வரும். பச்சைக் கதவு, ஆறு தூண். பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். எப்படி ஏறிப் போவார்கள் என்று அவர்களே கேட்கிறார்களா என்று எனக்கு எழுதுங்கள்.